தும்பி வண்டிக்கு எதிராக ஒரு மனு

ஜூன் 9, 2025 திங்கள்

பாலக்காட்டு டவுன் பஸ்களுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தும்பி! பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் மூன்று தடங்களுக்கும் மூன்று நிறம், மூன்று எண். ஊர்ப் பெயர் பொடி எழுத்தாகச் சுருங்கிவிட்டது, எண் மட்டும் பூசணிக்காய் அளவுக்கு நிற்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறக்கை விரித்த பூச்சிப் படம். மழைக்கு ஒதுங்கக் கூரை கேட்டோம், பூச்சி கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்தெல்லாம் வழக்கம்போல மலையாளம் மட்டும். கிழக்கே எல்லையோரம் இத்தனை பேர் தமிழ் பேசுகிறோம், ஒரு எழுத்து கிடையாது. பதினாலு வருடமாக மனுப் போடுகிறேன்.

ஜூன் 12

எல்லைத் தமிழர் பயணிகள் சங்கத்தின் அவசரக் கூட்டம். உறுப்பினர் ஒன்பது பேர், வந்தது நாலு, அதிலும் இரண்டு பேர் போண்டாவுக்கு வந்தவர்கள். செயலாளர் என்ற முறையில் நான்தான் பேசினேன். கலரைக் காட்டிப் பஸ் ஏற்ற நாமென்ன அங்கன்வாடிப் பிள்ளைகளா என்று கேட்டேன். கை தட்டினார்கள். பஞ்சாபகேசன் சார் மட்டும், நம்பர் என்றால் யாரும் படிக்கலாமே என்று இழுத்தார். ரிட்டயரான பேங்க் ஆபீசர், கல்பாத்தி வாசி, மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் படிப்பார். அவருக்கு என்ன கஷ்டம் தெரியும்?

ஜூன் 17

மனு முடிந்தது. நாலு பக்கம், மலையாளத்தில். தமிழில் கொடுத்தால் பிரிக்காமலே கட்டி வைத்துவிடுவார்கள். என் மலையாளத்துக்குப் பால் சொசைட்டியில் தனி மரியாதை உண்டு, பிரசிடெண்டே என்னிடம்தான் கடிதம் எழுதி வாங்குவார்.

என் மனைவி மருதாத்தாள் விஷயத்தை இரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 2011-இல் போர்டு படிக்கத் தெரியாமல், வேலந்தாவளம் வண்டி என்று நினைத்து ஏறி, கைக்குழந்தையோடு திசை மாறி நெம்மாறையில் போய் நின்றாள். உடுமலைப் பெண், தமிழில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து போர்டு முன்னால் விழிக்கிறாள். எத்தனை மனு எழுதினாலும் வலுவான இடம் அதுதான்.

என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். உன்னைப் பற்றித்தான், நல்லபடியாக, என்றேன்.

ஜூன் 20

டவுனில் ஜின்சி என்ற பெண் நடத்தும் தையல் கடையில் மறுபடியும் ஆள் கேட்கிறார்களாம், போகட்டுமா என்றாள் மருதாத்தாள். போன வருடம் சொன்னதையே சொன்னேன். சொசைட்டி வேலையை விட்டுவிட்டு தினமும் உன்னைக் கொண்டுபோய் விட முடியுமா? தனியாகப் போய் மறுபடி நெம்மாறையில் நிற்கப் போகிறாயா? எழுந்து போய்விட்டாள். தமிழ் போர்டு வரட்டும், போகலாம்.

ஜூலை 2

ஸ்டாப்பில் இருந்த பூச்சிக்கு ஓர் இறக்கை உரிந்துவிட்டது. பரம திருப்தி.

ஜூலை 11

மனு மேல் விசாரணைக்குப் போக்குவரத்து ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள்! பதினாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. பாதிக்கப்பட்டவரையும் அழைத்து வர வேண்டுமாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மருதாத்தாளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

ஜூலை 22, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் —

சங்கத்தாரைச் சேர்ப்பதற்காக நான் முன்னாடியே போய்விட்டேன். அவளுக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன். அம்மா வேண்டாமென்று அனுப்பிவிட்டார் என்று ஆட்டோக்காரன் போன் செய்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். பத்தரைக்குச் சரியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதிகாரி ராஜஸ்ரீ என்று ஒரு பெண். மனுவை உரக்கப் படித்தார். இரண்டாம் பக்கம் வந்தது. 'எழுத்தறிவற்றவளும் துணையின்றி வெளியே செல்ல இயலாதவளுமான என் மனைவி…' மருதாத்தாளுக்கு மலையாளம் படிக்கத்தான் வராது. காதால் கேட்டால் எல்லாம் புரியும். அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

இன்று எப்படி வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஆரஞ்சு மூன்றில், தனியாகத்தான் என்று சுத்தமான மலையாளத்தில் சொன்னாள். நாலு வாரமாக அதில்தான் தையலுக்கு வருகிறாளாம். நான் வீடு திரும்புவதற்குள் திரும்பிவிடுவாளாம். பின்னால் யாரோ சிரித்தார்கள், போண்டா ஆளாகத்தான் இருக்கும்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. நம்பர் பார்த்து ஏறிவிடுகிறேன், ஆனால் இறங்க ஸ்டாப்பை எண்ணிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது, அதனால் ஸ்டாப் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள் என்றாள். அதை அதிகாரி குறித்துக்கொண்டார். என் நாலு பக்கத்திலிருந்து ஒரு வரியைக்கூடக் குறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கணுமா? அவள் சத்தம் போடவில்லை.

"ஏனுங்க, பதினாலு வருசமா எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களுக்குத்தான் அம்புட்டு நல்லா வருதே. ஒரு நாளு உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுக்கோணும்னு தோணுச்சுங்களா?"

தோன்றவில்லை. ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜூலை 23

சாப்பாடு மூடி வைத்திருந்தாள். மூன்றாம் நம்பரில் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, மலையாள எழுத்தை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தையும் போட்டேன். காலை முழுக்க அதே வேலை. கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புரட்டிப் பார்த்து, கையெழுத்து நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். முக்கால்வாசி எழுதி முடித்திருந்தது. கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஜின்சி சொல்லித் தருகிறாளாம்.

"பழைய மனுவெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க? படிச்சுப் பாக்கோணுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பீரோ மேலிருந்த கட்டை இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தேன். 2011-லிருந்து தொடங்கியிருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. அவளைப் பற்றிய இடம் இன்னும் வரவில்லை.