லேப் கதவில் தமிழ் நோட்டீஸ்

12-8-66, வெள்ளி

நாளை காலேஜ் தேர்தல். சயன்ஸ் மாணவர்களின் பிரதிநிதியாக நிற்கிறேன். இன்று கெமிஸ்ட்ரி லேப் கதவில் யாரோ தமிழில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கீழே என் பெயர் மட்டும் இங்கிலீஷில். மராத்திப் பையன்கள் என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் மணி அதைக் கிழித்தான். "தமிழன் ஓட்டு தமிழனுக்கேன்னு எவன்டா எழுதினது? இனிமே ஒரு மராட்டிக்காரன் நமக்குப் போடுவானா?"

மணிதான் என் பெயரை முன்மொழிந்தவன். இங்கே மாட்டுங்காவிலேயே பிறந்தவன். தமிழ் படிக்கத் தெரியாது என்பான். அரோரா தியேட்டர் வாசலில் தமிழ் சினிமா போஸ்டரைக்கூட நான்தான் படித்துச் சொல்வேன்.

நோட்டீஸை வேறு யாராவது அவனுக்குப் படித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாளை ஓட்டு எண்ணும்போது என் சார்பில் மேஜையருகே உட்காரப்போவதும் மணிதான்.