ஊசி போடாமல் தண்ணி வார்க்கமாட்டேன்

என் செல்லத் தங்கச்சி சுகந்திக்கு,

டென்மார்க் சாம்ராச்சியத்தின் இஷொய் மாநகரில், லிஃப்ட் பழுதான அடுக்குமாடியின் உச்சியில் கொலுவீற்றிருக்கும் உன்ரை அண்ணை எழுதுவது. உனக்காக ஒரு போர் தொடுத்தேன். வென்றும்விட்டேன். அந்தச் சந்தோசப் புழுகத்தை உன்னை விட்டால் வேறு ஆரிட்டைச் சொல்ல?

உன்ரை மகள் மதுரா பெரியபிள்ளையாகிவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து உன்ரை மனுசன் தயா அழைத்துச் சொன்னபோது, சந்தோசத்துக்கு முதல் எனக்குக் கோபம்தான் வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனபோது அவள் முன்பல்லு விழுந்த பிள்ளை.

உன்ரை செத்தவீட்டுக்குத் தயாவின் தமக்கை புஸ்பமும் இங்கை டென்மார்க்கின் சில்க்போர்க்கிலிருந்து பறந்து வந்தவ. வந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னா: "ஒழுங்கான பொம்பிளையளுக்கு இந்த வருத்தம் வாறேல்லை."

உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அப்போது நான் விட்ட மூச்சில் டென்மார்க்கின் காற்றாலைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றியதாகத் தகவல். ஆனாலும் உன்னைக் கிடத்தி வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பேனோ? பழியும் ஊறுகாய் மாதிரித்தான், ஊறினால்தான் உறைக்கும்.

அது ஊறிக்கொண்டிருக்கையில், மதுராவின் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி போட வந்தார்கள். தயா சம்மதிக்கவில்லை. புஸ்பம் இங்கிருந்து தொலைபேசியில் மறித்துவிட்டா. அது கெட்டுப்போற பிள்ளையளுக்கான ஊசியாம், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்லுறதாம். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று கையை நீட்ட, உன்ரை மகள் மட்டும் வகுப்பில் தனியே இருந்திருக்கிறாள்.

பிறகு வீடியோவில் வந்து என்னிடம் கேட்டாள்: "மாமா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?"

நீ என்ன மறுமொழி சொல்லியிருப்பாய், சுகந்தி?

என்னிடம் வாள் இல்லை, யானைப்படை இல்லை. தாய்மாமன் என்ற பட்டம் மட்டும் இருந்தது. புஸ்பமோ பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு மண்டபம், பல்லக்கு, ட்ரோன் கமரா, அரை யாழ்ப்பாணத்துக்குச் சாப்பாடு என்று அடுக்கிக்கொண்டிருந்தா. அதற்கெல்லாம் முதல், பிள்ளையின் தலையில் தண்ணி வார்க்கத் தாய்மாமன் வேணும். உன்னோடு கூடப்பிறந்தவன் இந்தப் பூமண்டலத்திலேயே நான் ஒருவன்தான்.

காரை எடுத்தேன். கடலுக்கு மேலால் போகிற அந்த நீளப் பாலம் என் முகத்தைக் கண்டு பாதியாய்ச் சுருங்கி வழிவிட்டது.

புஸ்பம் வடையும் சிரிப்புமாக வரவேற்று, எனக்கு வாங்கிய பட்டு வேட்டியைக் காட்டினா. நான் வடையைத் தின்று முடித்துவிட்டு, "பிள்ளைக்கு ஊசி போடாமல் நான் தண்ணி வார்க்கமாட்டன்" என்றேன்.

வேறு ஆரையும் கொண்டு வார்ப்பம் என்றா. தாராளமாக வார்க்கச் சொன்னேன். மண்டப வாசலில் கதிரை போட்டு இருந்து, வருகிற சனத்துக்கெல்லாம் காரணத்தை நானே விளக்குவேன் என்றும் சொன்னேன்.

"உது எங்கடை குடும்பத்துப் பிள்ளையளுக்குத் தேவையில்லாத ஊசி, அண்ணை."

சோபாவில் போனுக்குள் தலையை விட்டிருந்த புஸ்பத்தின் மகள் ஜனனி நிமிர்ந்தாள். தாயிடம் டெனிஷில் ஏதோ கேட்டாள். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள்: "மாமா, எனக்குப் போட்டது தானே. அம்மாதான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவ."

எனக்குள் முழங்கிய மேளத்தில் அவ இருக்கிற ஜூட்லாந்துப் பக்கத்து மாடுகள் எல்லாம் கயிறறுத்து ஓடியிருக்கும்.

"உங்கடை பிள்ளைக்கு ஊசி, தாயில்லாத பிள்ளைக்கு ஒழுக்கமோ, புஸ்பம்?"

"இஞ்சை எல்லாருக்கும் போடினம். அங்கை சனம் கதைக்கும், அண்ணை."

"செத்தவீட்டிலை கதைச்ச சனம் ஆர்?"

அவ பட்டு வேட்டியைத் திருப்பி மடிக்கத் தொடங்கினா. தீர்ப்பை நான் வாசித்தேன். தயாவுக்கு அவவே சொல்ல வேணும். ஊருக்குப் போய், மதுராவை அவவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவும் வேணும்.

போன மாதம் அது நடந்தது. சுகாதாரப் பணிமனை வாங்கிலில் மதுராவுக்குப் பக்கத்தில் புஸ்பம் இருந்தா. பின்வாங்கிலில் நான். தெரிந்த ஒரு மனிசி, என்ன ஊசி என்று கேட்டா. புஸ்பம் நிலத்தைப் பார்த்து, "தாய்க்கு வந்த வருத்தம் இவளுக்கு வராமல் இருக்க" என்றா.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ மச்சாள், பின்னுக்குக் கேக்கேல்லை" என்றேன். சொன்னா. மதுரா சிரிப்பை அடக்கிக்கொண்டே ஊசிக்குக் கையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நான் பட்டு வேட்டி கட்டி அவளுக்குத் தண்ணி வார்த்தேன்.

புஸ்பத்தை மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறாயா? அவசரம் என்ன? ஆனால் அவ என் எதிரிப்படையின் வெறும் காலாள். பெரிய எதிரி உன்னைத் தின்றது. அதை என்ன செய்தால் என் மனம் ஆறும், சொல்லு?

அடுத்த ஊசிக்கும் நான் பறந்து போவேன். அவள் வளர்ந்து கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போகிற காலத்திலும் வாசலில் குந்தியிருப்பேன். உன்னைத் தின்ற சனியன் உன்ரை மகளிட்டை வந்து பட்டினி கிடக்க வேணும். அதைப் பார்க்காமல் நான் உன்னட்டை வரமாட்டேன். காத்திரு.

கோபம் இன்னும் ஆறாத,
உன்ரை ஒரே அண்ணை