பதினாறு அங்குலப் பலகைக் கால்

அன்புள்ள எமெட்,

இருபது வருடமாக நீ உன் அப்பாவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். பாஸ்டன் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், எனக்கு மூட்டுவலி தவிர குறையில்லை. கிறிஸ்துமஸ் விளக்கு தேடிப் பரணில் ஏறினேன், உன் பேஸ்பால் பைக்குள் பெரிய பாதம்போலச் செதுக்கிய இரண்டு பலகைக் கால்கள், மேலே உன் பூட்ஸை ஆணியடித்திருக்கிறாய். வலதில் சுண்டுவிரல் உடைந்திருக்கிறது. பிக்ஃபுட் என்கிற காட்டு மனிதன் பதித்த தடம் என்று அப்பா கூடத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டர் அச்சிலும் அதே விரல்தான் இல்லை. "கரடியோட சண்டை போட்டதுல போயிருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அவர் இதயம் சரியாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். மலையேறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரஆலையோடு ஊர் கிளினிக்கையும் மூடிவிட்டார்கள், தொண்ணூறு மைல் போனால் ஏழு நிமிடம் பார்க்கிறார்கள். யாரும் எட்டிப் பார்க்காத ஊரை அந்த மயிர்ப்பிராணியாவது எட்டிப் பார்க்கிறதே என்று ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. "மாத்திரை கம்பெனிக்காரன் பேச்சை நம்புவ, எட்டடி ஆளு தடம் வெச்சுட்டுப் போறான், அதை நம்ப மாட்டியா" என்று என்னிடம் சண்டை. விடிந்ததும் ஓடைவரை ஏறி, மரத்தில் தடியால் தட்டி அதைக் கூப்பிடுகிறார். ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தொலைபேசியையும் பிடுங்கிவிட்டார், அதனால்தான் கடிதம்.

அதனால் போன செவ்வாய் மழை விட்டதும் உன் பூட்ஸை மாட்டிக்கொண்டு கோழிக்கூண்டைச் சுற்றி நானே நடந்தேன். தடம் வீட்டிலேயே இருந்தால் மலைக்குப் போகமாட்டார் என்று நினைத்தேன், போகவுமில்லை, பிக்ஃபுட் தேடும் சங்கத்தைக் கூட்டிவிட்டார். பதினெட்டு பேர் கூடாரம் போட்டு, நான் சமைத்த பீன்ஸைச் சட்டியோடு காலி செய்கிறார்கள். தலைவி பெர்னிஸ் தடத்தின் ஆழத்தை அளந்து, "இது பொம்பள, ஆர்வில். வயசானது, நல்ல கனம்" என்றாள். அப்பா என் கையைப் பிடித்து, "பாத்தியாடி, அவன் தனியா இல்ல, வீட்டுக்காரி இருக்கா" என்று கண் கலங்கினார். இப்போது அந்தக் குடும்பத்தைத் தேடி இருபத்தெட்டாம் தேதி எல்லோரும் சிகரம்வரை போகிறார்களாம். அப்பாதான் முன்னால் நடக்கிறார்.

நான் உண்மையைச் சொன்னேன். "அவ மேல உனக்குப் பொறாமை" என்றுவிட்டார். நீ சொன்னால்தான் கேட்பார். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
ஆர்டித்

பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன். இருபத்தெட்டுக்கு முன்னால் வந்து அவர் எதிரே அதைப் போட்டு நட. வருவாயா, மாட்டாயா?