பதினொரு பெயர்களில் ஒரு ரசிகை

இக்காஸ்ட், டென்மார்க்
09.11.2025, ஞாயிறு

என் அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் அண்ணாவும் உடம்பால் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதித்தான் வழக்கமாகத் தொடங்குவேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் நீ சுகமில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. நான் தமிழில் தொடங்குவேன், நீ டேனிஷில் பதில் சொல்லுவாய், இரண்டுக்கும் நடுவில் என் துணிவு எங்கேயோ விழுந்துவிடும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை ஆறு வருஷம் இழுத்துக்கொண்டு போனது வீணில்லை என்று நினைத்து எழுதுகிறேன், ஆறுதலாக எழுத்துக் கூட்டி வாசி, போனில் மொழிபெயர்த்துப் பார்க்காதே, அது என்னை இன்னும் மோசமானவளாக்கிவிடும். தபாலில் போட்டால் கிழமைக் கணக்காகும், எங்கள் தெருமுனைச் சிவப்புப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டை விட்டுவிட்டுப் பகலுக்கு மாறச் சொல்லி டாக்டர் சொன்னார், மாறிவிட்டார், ஆனால் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போடுவதை மட்டும் மாற்றவில்லை. அண்ணா ஜெனுஷன் ஓகூஸ் நகரில் துறைமுகப் பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறான், வாடகையைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது என்று பெருமை பேசுகிறான், காற்றடித்தால் திறக்க முடியாது என்று அடுத்த நாள் முறையிடுகிறான். இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. தமிழ்ப் பள்ளிக் கலைவிழா நேற்று நடந்தது, நான் போகவில்லை, போக முகமில்லை. அதற்கும் காரணம் உண்டு.

நீ அமெரிக்காவுக்குப் படிக்கப் போவதற்கு முந்திய கலைவிழா உனக்கு ஞாபகம் இருக்கும். மகேந்திரராசா அண்ணை ஹெர்னிங்கில் ஒரு கேடயம் வாங்கி, தன் மகளின் பெயரையும் வெட்டுவித்து, விழாக் குழுவிடம் கொடுத்து, சிறந்த பேச்சாளர் என்று மேடையில் கொடுக்கச் செய்தார். பெற்ற பிள்ளைக்குத் தானே மாலை வாங்கிப் போடும் மனிசன் என்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் சிரித்தேன். நீ பின் ஆசனத்தில் இருந்து வெட்கக்கேடு என்று டேனிஷில் சொன்னாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். மகள், அவர் ஒரு கேடயம்தான் வாங்கினார். நான் பதினொரு ரசிகர்களை வாங்கினேன்.

போன வருஷம் தை மாதம் நீ அந்த ரசிகர் நிதியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு விளங்கினது இவ்வளவுதான். உன் கல்லூரி கரப்பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் தருவதில்லை, ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து மாதா மாதம் ஒரு நிதிக்குக் கட்டுகிறார்கள், அந்த நிதி உங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தி அதற்குக் கூலி தருகிறது, எந்தப் பிள்ளைக்கு என்று ரசிகரே பெயர் சொல்லிக் கட்டலாம். மாணவ விசாவில் அங்கே வேலை செய்யக் கூடாது என்று அதற்கு முந்திய கோடை விடுமுறைக்கு நீ இங்கே வந்தபோதுதான், ஊர் வீட்டு வாகைமரத்து வளவு இங்கே எங்கே, விளையாட்டு மண்டபத்துக்குப் பின்னால் உள்ள புல்தரையில்தான் படம் எடுத்தார்கள், அப்பா பந்து பொறுக்கிக் கொடுத்தார். நிதியின் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்கும் கீழே எத்தனை ரசிகர் என்று ஒரு எண் நிற்கும். உன் கூட்டாளிகளுக்கு நாற்பது, ஐம்பது, அந்த உயரமான பிள்ளைக்கு எழுபது. உனக்கு மூன்று. நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தப் பக்கத்தை நானே தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று என்னை விடவில்லை. வேலையில் கிழவிகளுக்குச் சோறு தீத்தும்போதும் மூன்று, கோயில் குருசடிக்கு மெழுகுதிரி கொளுத்தும்போதும் மூன்று.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற பிர்கிட்டிடம் கேட்டேன், உன் பெயரை மட்டும் தா, காசு நான் கட்டுகிறேன் என்று. அவள் நல்ல மனுசி, இதில் என்ன என்றாள். பிறகு மற்றவர்களிடமும் கேட்டேன். அவளையும் சேர்த்துப் பத்து டேனிஷ்காரிகளும் ஒரு பொஸ்னியாக்காரியும். கட்டினது முழுக்க என் சனி ஞாயிறு மேலதிக வேலைக் காசு. சமையலறை அலுமாரி மாற்றச் சேர்க்கிறேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அலுமாரிக் கதவு இன்னும் ஒரு பிணைச்சலில் தொங்குகிறது, அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

உன் எண் பதினாலாகின அன்று நீ எடுத்த போனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டென்மார்க்கில் இத்தனை பேர் என்னைப் பார்க்கினம் அம்மா என்று, அன்றைக்கு நீ தமிழில் சொன்னாய். சந்தோஷம் வந்தால் உனக்குத் தமிழ் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆசை போதவில்லை. பிர்கிட்டின் பெயரில் உனக்குக் குறிப்பும் எழுதத் தொடங்கினேன், உன் ஆட்டம் ஒன்றும் விடாமல் பார்க்கிறேன், அந்த இடதுகை அடி அருமை என்றெல்லாம், என் எழுத்துப்பிழையை அவளே திருத்தித் தந்தாள். இந்தக் கோடையில் நீ வந்தபோது பூங்கொத்து வாங்கிக்கொண்டு பிர்கிட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்றாய். அவள் ஸ்பெயினுக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் அன்றைக்கு என்னோடு ஒரே ஷிஃப்டில் நின்றாள். பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் எனக்கு அமெரிக்காவைவிட இங்கேதான் ரசிகர் கூட என்று நீ சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டு கேக் வெட்டினேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள், அன்று வெட்டின கேக்கில் ஒரு துண்டும் நான் எடுக்கவில்லை.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை உடுப்பு மாற்றும் அறையில் பிர்கிட் ஒரு கடித உறையை என் கையில் வைத்தாள். நீ அவளுக்கு எழுதிய அட்டை. இதற்குப் பதில் எழுத என்னால் முடியாது செலின், இது பெற்றவள் வாசிக்க வேண்டியது, இனி என் பெயரையும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். மகள், அது எனக்கு வந்ததல்ல, ஆனாலும் வாசித்தேன். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். ஊசி போட்டுத்தான் ஆடுகிறாயாம். வைத்தியர் இந்த மாதம் இருபத்துநாலாம் திகதி முழங்காலில் அறுவைச் சிகிச்சைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாராம், தள்ளிப்போட்டுத் தொடர்ந்து குதித்தால் பிறகு முழுதாகச் சரிவராது என்று சொல்லியிருக்கிறாராம், பதினாலாம் திகதிக்குள் நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவர்கள் பயந்துபோவார்கள் என்றும் எழுதியிருந்தாய். திரையில் உன் காலில் கறுப்புப் பட்டியைப் பார்த்து இப்போதைய நாகரிகம் என்று நினைத்த தாய் நான். எல்லாவற்றையும்விடக் கடைசி வரிதான் என்னைக் கொன்றது. “என்னைத் தெரியாத நீங்களே எனக்காகக் கொடுக்கிறீர்கள், நான் எப்படிப் படுத்திருப்பது?”

உன்னைத் தெரியாத ஒருவரும் அங்கே இல்லை, மகள். பதினொன்றும் நான்தான். நீ நொண்டி நொண்டி ஆடுவது என் காசுக்கு. உனக்கு ஒரு சந்தோஷம் வாங்கித் தருகிறேன் என்று நினைத்து உன் முழங்காலை வாங்கியிருக்கிறேன். இதை எந்தக் கோயிலில் சொல்லி அழ?

வெள்ளிக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவள் எங்களுக்குச் சொல்லாமல் பிர்கிட்டுக்குச் சொல்லியிருக்கிறாள் எண்டால், நாங்கள் எப்பிடிப்பட்ட தாய் தேப்பன், செலின்?” என்று மட்டும் கேட்டார். இளவயதில் அவரும் இந்தப் பந்தைத்தான் அடித்தவர், கணுக்கால் வீங்கின நாட்களிலும் ஆடினவர், இன்றைக்கும் மழை வந்தால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

பதினொரு பேரின் கட்டணத்தையும் அன்றே நிறுத்திவிட்டேன். மாதம் முடிய உன் படத்துக்குக் கீழே மறுபடி மூன்று என்று வரும், அதை நீ திரையில் பார்த்து இடிந்துபோவதற்கு முன் என் வாயால் அறிய வேண்டும். அந்த மூன்று பேரை எனக்குத் தெரியாது, அவர்கள் என் ஆட்கள் இல்லை, அவர்கள் உண்மையாகவே உனக்காக வந்தவர்கள். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் மூன்று அந்நியர் உன்னைப் பிடித்துப்போய்க் காசு கட்டினார்கள் என்பது பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை, என் பொய்க்கூட்டத்துக்குள் அவர்களை மறைத்துவிட்டேன். அவர்களுக்கு எழுது, கால் சரியில்லை என்று உள்ளதை எழுது, ரசிகர் என்றால் காத்திருப்பார்கள். வாடகைக்கு அந்தக் காசு உதவியது என்று சொன்னாய், அதை இனி நேராக உனக்கே அனுப்புகிறேன், அனுப்புபவர் பெயரில் மேரிசெலின் என்றே இருக்கும். காயம் வந்தால் கல்லூரி உதவித்தொகையை நிறுத்த மாட்டார்கள் என்று நீயே கோடையில் அந்தத் தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாய், அதையும் ஒருக்கால் எடுத்துப் பார்.

என்னை மன்னி என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன். கோபப்படு, நாலு நாள் போன் எடுக்காதே, டேனிஷில் என்ன சொல்ல வேண்டுமோ சொல், எனக்கு எல்லாம் விளங்கும். ஆனால் அந்தக் கோபத்தில், அப்படியென்றால் ஆடியே காட்டுகிறேன் என்று மட்டும் நிற்காதே. உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் பாணோடு நாளைப் போக்காதே, ஐஸ்கட்டியைத் துணி சுற்றாமல் காலில் வைக்காதே, அண்ணாவுக்கு ஒரு போன் எடு, அவனுக்கும் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

மாதா உன்னை எந்த முள்ளும் தைக்காமல் நடத்திக்கொண்டு போகட்டும், அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் தருகிறார். பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை, அதற்கு முன் வைத்தியருக்குப் பதில் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. இருபத்திரண்டாம் திகதிக்குப் பில்லுண்டிலிருந்து விமான ரிக்கெற் எடுத்துவிட்டேன், வராதே என்றாலும் வருவேன். நீ படுத்தால் உன் கட்டிலடியில் இருப்பேன். நீ ஆடத்தான் போகிறாய் என்றாலும் அது உன் கால், உன் முடிவு, நான் வந்து அரங்கில் ஒரு மூலையில் இருந்து பார்ப்பேன். ஆனால் மகள், கைதட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
இனி ஒரே பெயரில்,
உன் அம்மா
மேரிசெலின் குருசுமுத்து