வராந்தாவில் இருக்கும் என்ஜின்

என் பிரியமான, வாய் திறக்காத அப்பாவுக்கு,

என்ஜின் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் அதை போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்த அதே பலகையில், பழைய கார் பேட்டரி ஒன்றை இணைத்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. எதிர் பிளாக்கின் மொட்டைமாடியிலிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன. அம்மா கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இதை உங்களுக்குச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் என்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் சின்ன டிராக்டரை அவர்தான் ஓட்டினார். மைதானத்தில் புல் வெட்டுவதும் குப்பை வண்டியை இழுப்பதும் அதன் வேலை. யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. போன வருஷம், மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டுக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள், பாதிப் புல் வெட்டும்போதே என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது.

அதற்காகக் கூடிய சொசைட்டி மீட்டிங்கில் நான் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். எண்ணெய் பார்க்காமலே ஓட்டிவிட்டார் என்று யாரோ ஆரம்பித்தார்கள். "மெட்ராஸ்காரர் தோசைக்கல்லுக்கு எண்ணெய் விடுவார், என்ஜினுக்கு விடமாட்டார்" என்றார் பி பிளாக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரி நாற்காலியில் இருந்த ஷிபு காக்குவும் சிரித்தார். ஞாயிறுதோறும் உங்களோடு கேரம் ஆடிய, நம் வீட்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்த, எனக்குச் சித்தப்பா முறையான ஷிபு காக்கு. நீங்கள் எழுந்து, "நானே சரி பண்ணித் தர்றேன்" என்று மட்டும் வங்காள மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் தப்பு செய்திருக்கிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

குளிர்காலம் முழுக்க வராந்தாவில் பிரித்துப் போட்டீர்கள். ஒரு நாள் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. உங்களைப் பாடையில் தூக்கியவர்களில் ஷிபு காக்குவும் ஒருவர். அழுதார். அது பொய் அழுகை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

கோடையில் சொசைட்டியிலிருந்து ஆள் வந்தது. என்ஜினைச் சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் இருக்கிற துண்டுகளையாவது கொடுங்கள். துண்டுகளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் எதையும் படித்தே கற்றவள் என்று கேலி செய்வீர்களே. இதையும் அப்படித்தான் கற்றேன். ரிப்பேர் புத்தகத்தைத் தரவிறக்கி ஒரு வாரம் வாசித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன்.

முதல் சந்தேகம், பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பார்த்தபோது வந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் அதன் பேரிங்தான் முதலில் போயிருக்கும். அது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கீறல் எல்லாம் சிலிண்டரின் ஒரே பக்கத்தில், மேல்பாதியில். அந்தப் பக்கத்து வெளிச்சுவரைத் திருப்பிப் பார்த்தேன். காற்று போய்க் குளிர வேண்டிய இரும்பு மடிப்புகளுக்கு நடுவே, கருகி ஒட்டிப்போன சாமந்தி. நூல். கொஞ்சம் ஜிகினா. அதற்கு மேலே இருந்த மடிப்புகளை மட்டும் யாரோ சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். யாரோ என்ன, நீங்கள்தான்.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாட்டி, ஒங்கப்பா ஒரு பிடி காஞ்ச பூவ அள்ளிக்கிட்டு நின்னாக. என்னங்க இது என்ஜினுக்குள்ள பூன்னேன். பேசாம இருன்னுட்டாக. சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போனாக."

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"அவுகளே சொல்லல. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? நாம பொழைக்க வந்த எடம்."

பிழைக்க வந்த இடம். நான் இந்த ஊரில் பிறந்தவள். என் கனவில் பாதி வங்காள மொழியில் வருகிறது. இன்னும் எத்தனை காலம் பிழைக்க வந்துகொண்டே இருப்போம், அப்பா?

சிலிண்டரைக் கிடர்பூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே கடைந்து வாங்கினேன். அதற்கேற்ற பெரிய பிஸ்டனைத் தேடி வாங்கினேன். ஒரு பிஸ்டன் ரிங்கைத் தலைகீழாகப் போட்டு, வராந்தா முழுக்கப் புகையாக்கி, மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தேன். அந்தப் புகையில் நின்று உங்களைத் திட்டினேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்று அம்மா சொன்னாள். உயிரோடு இருந்தபோது திட்டியிருந்தால் பதில் வந்திருக்குமா?

என்ஜின் ஓடிய அன்று மாலையே ஷிபு காக்கு இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். பூஜைப் பந்தல் போடுவதற்கு முன் மைதானத்தில் புல் வெட்ட வேண்டுமாம். "சபாஷ் மா. ஷொண்முகொம்-தா பொண்ணுன்னா சும்மாவா" என்று, சண்முகம் அண்ணா என்பதை வழக்கம்போல் அவர் பாணியில் சொல்லி, என் தலையைத் தொட்டார்.

"காக்கு, எண்ணெய் இருந்திருக்கு. உள்ளே பூஜை மாலைதான் இருந்துச்சு" என்றேன்.

அவர் ஆட்களைக் கீழே போகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியும் மா."

"தெரியுமா?"

"பூஜை அன்னிக்கு மிஷினை ஓட்டக்கூடாது. பசங்க நச்சரிச்சாங்க. மாலையோட ஒரே ஒரு சுத்து சுத்தினேன். காத்து போற வலை ஓரத்துல கிழிசல், மாலையை உள்ளே இழுத்துக்கிச்சு. எனக்கே அப்போ தெரியாது. மாலை காணோமேன்னு உங்க அப்பா கேட்டதுக்கு, சிலையோட கங்கையில கரைச்சிருப்பாங்கன்னேன். அப்புறம் ஒரு நாள் பூவைக் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த மீட்டிங்ல சொல்லிடறேன்னேன். அவர்தான் விடுங்க ஷிபு, என்ஜினை நான் ஓட வச்சுட்டா எல்லாம் மறந்துடும்னார்."

"அடுத்த மீட்டிங் நடந்துச்சே."

"நடந்துச்சு."

"அதுக்கு அடுத்ததும்."

உள்ளே அம்மா குக்கரை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தவர் பழியைச் சுமப்பவனைப் பெரிய மனிதன் என்று சொல்லும் கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். படிக்கும்போது பிடித்துத்தான் இருந்தது. நம் வீட்டில் நடந்தபோது அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை. ஒருவர் பயந்தார், இன்னொருவருக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். இதை உங்களிடம் நான் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அதுதான் நடந்தது. மாடிப்படியில் யாரைக் கண்டாலும் பி பிளாக்காரர் அந்த எண்ணெய் நகைச்சுவையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னிடமே ஒருமுறை சொன்னார். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு.

"மீட்டிங் கூட்டுங்க காக்கு. எனக்குச் சொன்னதை அங்கே சொல்லுங்க. அப்புறம் என்ஜினை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"இந்த வயசுல என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வைக்கிறியா மா?"

"அப்பாவுக்கும் அதே வயசுதான்."

அவர் போய்விட்டார். மழை விடவில்லை. புல் முழங்காலைத் தாண்டிவிட்டது, கொசு மொய்க்கிறது. சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் என்னைத் திமிர் பிடித்தவள் என்று எழுதுகிறார்கள். நான் இதுவரை அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்கப் போன அம்மாவை வழியில் நிறுத்தி, "பொண்ணுக்குப் புத்தி சொல்லக் கூடாதா பௌதி?" என்று, அண்ணி முறை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து துணி மடித்தாள். பிறகு உங்கள் பழைய வேட்டியை எடுத்து என்ஜின்மேல் போர்த்தினாள். சாரல் அடிக்காமல் இருக்கவா, யார் கண்ணிலும் படாமல் மறைக்கவா?

"குடுத்துடும்மா, எதுக்கு வம்பு" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. உங்கள் சிநேகிதத்தை நீங்கள் காப்பாற்றிக்கொண்டீர்கள். உங்கள் பெயரை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்?

அவர் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்கிற நாள்வரை இந்த என்ஜின் நம் வராந்தாவை விட்டுப் போகாது. வாரம் ஒரு முறை ஓட்டிவைப்பேன். சத்தம் அவர் வீடுவரை கேட்கும். இது உங்கள்மேல் சத்தியம்.

இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காத,
உங்கள் மகள்