ஒரே எண்ணிலிருந்து நாற்பத்தொரு பேர்

அனுப்புநர்:
மு. மலர்க்கொடி (வயது 36),
விவசாயக் கூலி,
காலனித் தெரு, காவாந்தண்டலம்,
உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
செல்பேசிக் குறைகேட்பு மையம்,
காஞ்சிபுரம்.

பொருள்: விஷமச் செய்தி அனுப்பியதாகக் கூறி என் செல்போன் எண்ணைத் தடுத்தது – தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குறைகளை மெசேஜில் அனுப்பலாம் என்று சென்ற தை மாதம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். எங்கள் தெருவுக்கே செல்போன் என்னிடம் ஒன்றுதான். ஒன்பதாவது வரை படித்ததால் மெசேஜ் அடிக்கவும் தெரியும். ஆனால் ஒருவரும் முன்வரவில்லை. "பேரு பூடுச்சின்னா ரேஷன் கார்டைப் புடுங்கிக்குவாங்க, நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு" என்றார் பக்கத்து வீட்டு இருசப்பன்.

2. என்னோடு நடவுக்கு வரும் பாஞ்சாலி மட்டும் துணிந்தாள். தெருவிளக்கு எரியவில்லை என்று நான் அடித்துக் கொடுக்க, அனுப்பும் பொத்தானை அவளே அமுக்கினாள். மூன்றாம் நாள் லைன்மேன் சைக்கிளில் ஏணியோடு வந்து, "யாரும்மா இங்க பாஞ்சாலி?" என்று கேட்டார். ஐயா, அரசாங்கத்து ஆள் ஒருவர் எங்கள் தெருவுக்குள் வந்து எங்களில் ஒருத்தியைப் பேர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே என் வாசலில் ஏழு பேர் நின்றார்கள்.

3. கூலியை விட்டு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம், எந்தத் தெரு என்று ஏற இறங்கப் பார்க்கிற முகமும் இல்லை. அதனால்தான் எங்கள் ஜனம் இதை நம்பியது. அவரவர் புகாரை அவரவர் விரலால்தான் அமுக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பேர் அனுப்பினார்கள். இருபத்தொன்பது குறைகள் தீர்ந்தன. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

4. இம்மாதம் ஐந்தாம் தேதி என் எண் தடுக்கப்பட்டது. பூத்திலிருந்து போன் செய்து கேட்டதற்கு, "ஒரே ஆளு ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் கம்ப்ளெய்ண்ட் பண்றியே, வேற வேலை இல்லையா?" என்றார் தங்கள் ஊழியர். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தடையை எடுப்பார்களாம். ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவர் பெயர் இருக்கிறது. எண்ணைப் பார்த்தவர் பெயரையும் படித்திருக்கலாம்.

5. எட்டு நாளாக எங்கள் குடிநீர் மோட்டார் எரிந்து கிடக்கிறது. பாஞ்சாலி பேரில் அடித்த புகார் போகாமல் என் போனிலேயே கிடக்கிறது. நடவு வேலையை விட்டு, பெண்கள் அரை மைல் நடந்து வயல் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். ஊருக்குள் இருக்கும் கடைக்காரர் போனில் அனுப்பலாமே என்பீர்கள். கேட்டால் கொடுப்பார். பதில் அவருக்கல்லவா வரும்? "நான் அப்பவே சொல்லல?" என்று இருசப்பன் தினமும் கேட்கிறார். தண்ணீர்க் குடத்தை விட அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால், பாஞ்சாலியே இனி பொத்தானை அமுக்க மாட்டாள்.

6. ஆகவே தாங்கள் அந்த நாற்பத்தொரு செய்திகளையும் ஒரு முறை எடுத்துப் படித்து, என் எண்ணின் தடையை நீக்கி, மோட்டாரைப் பழுது பார்க்க உத்தரவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்புக் கடிதம் மட்டும் நான் தருவதாக இல்லை. தாங்களும் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மோட்டார் ரிப்பேர்க்காரரை அனுப்பும்போது, யார் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இடம்: காவாந்தண்டலம்
நாள்: 18.08.2008

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) மு. மலர்க்கொடி