ஒழுகாத அடுப்பு

1979 நவம்பர் 7, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். பனி இறங்கிப் பள்ளிக்கூடத்துப் பட்டறை வாசல் தெரியவில்லை. வெல்டிங் கம்பிகள் மறுபடியும் ஈரம். பழைய ஓவனில் வைத்து உலர்த்துவதற்குள் காலை வகுப்பு பாதி போயிற்று. தானா ராத்தா கடைத்தெருவில் வாங்க வேண்டியது: சீனி, மெழுகுவத்தி, முட்டைக்கோஸ், முழங்கால் தைலம்.

பிற்பகலில் தோட்டத்து ஆட்களின் வகுப்பு. ஒன்பது பேர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. புதனும் சனியும் லோரியில் வருகிறார்கள். இந்தப் பருவத்துப் பயிற்சி வேலை, தகட்டில் செய்த கரி அடுப்பு. நான்கு கால், மேலே மூடி. என் சோதனை எளிது. உள்ளே தண்ணீர் ஊற்றுவேன். ஒழுகினால் திரும்ப ஒட்ட வேண்டும். பாதிக்கு மேல் ஒழுகியது. லோரி கிளம்புமுன் ஒட்டி முடித்தார்கள்; அடுப்பு அவரவர் வீட்டுக்கு.

லெட்சுமணன் அடுப்பில் ஒரு சொட்டு இல்லை. மீன் செதில் அடுக்கியது போன்ற ஒட்டு. எனக்கே அவ்வளவு சீராக வராது.

ராமையா சும்மா இருப்பானா. "டீச்சர், இவன் ஒட்டுனா எறும்புக்குக்கூட வழி இல்ல லா."

"ஒன்னோடதுல மாவு சலிக்கலாம். வீட்டுல கேட்டுப் பாரு" என்றான் லெ. அதிகம் பேசாதவன். இன்று அவனுக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுப்பு அதற்குத்தான், பிள்ளை பெற்றவள் அறையில் கணப்பு வைக்க.

"சட்டியில கங்கு நிக்க மாட்டேங்குது டீச்சர். பாதி ராத்திரியில அவிஞ்சு போவுது. அம்மா ஏசுறாங்க. பச்ச ஒடம்புக்காரி, கூதல் தாங்காது."

பெயின்ட் காயாமல் நெருப்புப் போடாதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 8, வியாழன்

எவனோ சொல்லாமல் கம்பியைப் பற்றவைத்துவிட்டான். முகமூடி போடாமல் நின்றேன். மாலையில் கண்ணில் மணல் கொட்டியதுபோல். பட்டறை வைத்தியம்: உருளைக்கிழங்கு வில்லை. சென்னையில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியவள் இரண்டு கண்ணிலும் கிழங்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். குணம் என்று சொல்லமாட்டேன். குளிர்ச்சி.

தலைமை ஆசிரியர் மறுபடியும் கேட்டார், கீழே ஈப்போவுக்கு மாற்றல் கேட்கக்கூடாதா என்று. பழைய வெல்டிங் ஆசிரியர் போனபின் இந்த மலைக்கு யாரும் ஏறி வரவில்லை. தற்காலிகமாக என்று என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தற்காலிகம் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் எனக்கு வயது நாற்பத்தொன்பது.

நவம்பர் 10, சனி

வகுப்பு நடக்கவில்லை.

லோரியில் ராமையா மட்டும் வந்தான். கேலி இல்லை. தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"லெட்சுமணன் வூட்டுக்காரி சரசு செத்துப்போச்சு டீச்சர். காலையில."

அதே லோரியில் போனேன். புது லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். இரண்டு வருஷத்துக்கு முன் பலகை வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய கல் வீடுகள். வாசலில் ஆண்கள், உள்ளே பெண்கள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியாது, எப்போதும்போல. உள்ளே போனேன்.

சரசுவுக்கு இருபத்திரண்டு இருக்கும். தூங்குவதுபோல் கிடந்தாள். கன்னமும் உதடும் நல்ல சிவப்பு.

"மகாலெச்சுமி மாதிரி செவந்து கெடக்கா பாரு. செத்தவன்னு யாரு சொல்லுவா" என்றாள் ஒருத்தி.

அந்தச் சிவப்பை நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவள் படுத்திருந்த பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி இடுக்குகளில் துணி. மேலே காற்று வழியில் சாக்கு. மூலையில் அடுப்பு, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. நிறையச் சாம்பல். நேற்று ராத்திரிதான் முதல் தடவை மூட்டினார்களாம்.

நடந்ததை லெட்சுமணனின் அம்மா அஞ்சலை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை ராத்திரி முழுக்க அழுததாம். சரசு தூங்கட்டும் என்று முன்னறையில் மடியில் போட்டு வைத்திருந்தாளாம். விடிகிற நேரத்தில் சரசு அறையில் கொண்டுபோய்த் தொட்டிலில் விட்டுக் கதவைச் சாத்தினாளாம். கொஞ்ச நேரத்தில் லெ. காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பும்முன் பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறான். பெயின்ட் நாற்றம் அடிக்கிறது என்று கதவைத் திறந்துபோட்டுப் போய்விட்டான். இவள் காப்பி எடுத்துப் போனபோது சரசு சில்லென்று கிடந்தாளாம். குழந்தை மட்டும் முனகிக்கொண்டு.

"கதவ தொறந்து போட்டானே, பாவி! பச்ச ஒடம்புல காத்தடிச்சு ஜன்னி கண்டு போயிட்டாளே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சரும் ஜன்னி என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

லெ. குழாயடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. என்னைப் பார்த்து எழுந்தான்.

"நான்தான் டீச்சர் கொன்னுட்டேன். கதவ சாத்தாமப் போயிட்டேன்."

தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை.

நவம்பர் 11, ஞாயிறு

தூக்கம் இல்லை. சந்தேகமும் இல்லை, அதுதான் கஷ்டம். கரி எரிந்தால் வருகிற வாயு, கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது. பழைய பலகை வீட்டில் பத்து இடுக்கு, சட்டியில் கைப்பிடிக் கங்கு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது கல் சுவர், அடைத்த ஜன்னல், ராத்திரி முழுக்க அவியாத அடுப்பு. காற்று வந்ததால் அவள் சாகவில்லை. வராததால்.

அவன் கதவைத் திறந்திருக்காவிட்டால் குழந்தையும் போயிருக்கும்.

அதைச் சொன்னால் கதவின் பழி அவனைவிட்டுப் போகும். அடுப்பின் பழி வந்து உட்காரும். அவன் கையால் செய்தது. எதைச் சுமப்பது சுலபம்? நானே முடிவு செய்ய நான் யார். இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் காலைவரை நினைத்தேன்.

மழையில் அடக்கம். ஆண்கள் குழிமேட்டுக்குப் போனார்கள். நான் பெண்களோடு வீட்டில். பக்கத்து வீட்டு ராமையாவின் மனைவி பாக்கியம் நிறைமாதம். துக்க வீட்டுக்குள் விடவில்லை, அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் இங்கே சொல்கிறாள்:

"நம்ம வூட்டுல கதவுக்குக் கீழயும் துணி வச்சு அடைக்கணும். ஒரு பொட்டு காத்து வரக்கூடாது. நல்ல வேளை, ராமையாவும் அடுப்பு செஞ்சு கொண்டாந்துட்டான்."

மற்ற பெண்களும் தலையாட்டுகிறார்கள். ஒன்பது அடுப்பு இந்த லயங்களில் இருக்கிறது.

வாய் திறந்தேன். கரிப்புகை அடைத்த அறையில் ஆளைக் கொல்லும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். என் குரலே எனக்குப் பாடம் நடத்துவதுபோல் கேட்டது. ஒருத்தி மரியாதையாக "சரிங்க டீச்சர்" என்றாள். வெளியே வந்து செருப்புப் போடும்போது உள்ளே:

"எங்காத்தா காலத்துலேருந்து கங்கு வக்கிறோம், எவ செத்தா?"

"புள்ளயா குட்டியா அதுக்கு? பச்ச ஒடம்பப் பத்தி அதுக்கு என்னாத்த தெரியும்."

சிரிப்பு இல்லை. சாவு வீடு. சிரித்திருந்தால் தேவலை.

நவம்பர் 12, திங்கள்

வகுப்பு முடிந்து டிரஸ்சரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். காப்பி கொடுத்தார்.

"எனக்கும் தோணாம இல்லம்மா. ஆனா புதைச்சாச்சு. இப்பப் போய் அடுப்புன்னா, அடுப்ப செஞ்சவன் புருஷன். போலீசு வரும், துரை வருவாரு. அந்தப் பையன் தாங்குவானா? நான் சொன்னாலும் கேக்க மாட்டாளுங்க. லெட்சுமணன் வாயால சொன்னாத்தான் ஏறும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்.

முட்டைக்கோஸ் அழுகல். கடைக்காரர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், மாற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 14, புதன்

லெ. வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான். முகத்தில் தாடி. தன் இடத்தில் நின்று ஒட்டின்மேல் கசடு தட்டிக்கொண்டிருந்தான், தட்ட ஒன்றும் இல்லாத இடத்தில்.

மற்றவர்கள் லோரிக்குப் போனதும் அவனை நிறுத்தினேன். சொல்லவேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வரிசை நிற்கவில்லை. முதலில் கதவைச் சொன்னேன்.

"நீ கதவைத் திறந்ததால் சரசு சாகவில்லை. அதற்கு முன்பே போயிருப்பாள். நீ திறந்ததால்தான் குழந்தை இருக்கிறது."

என் வாயையே பார்த்தான். "என்னா சொல்றீங்க?"

கரியைப் பற்றிச் சொன்னேன். அடைத்த அறையைப் பற்றி. கரும்பலகையில் எழுதப் போன கையை இழுத்துக்கொண்டேன். தகரக் கூரையில் மழை. இரண்டு தடவை சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது, கேட்கவில்லை என்று. அப்படிப்பட்ட ஒன்றைச் சத்தமாக.

"அப்ப அடுப்பா?"

"அறை. எந்த அடுப்பாக இருந்தாலும் அப்படித்தான். ஒழுகுகிற அடுப்பாக இருந்தாலும்."

"சட்டி வச்சிருந்தா அவிஞ்சிருக்கும்ல?"

பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "அவிந்திருக்கும்" என்றேன்.

"ஒரு சொட்டு ஒழுகலன்னு சொன்னீங்க டீச்சர்."

"நான் கொடுத்த வேலை அது. எதற்கு என்று நீ சொன்னபோதும் நான் பேசாமல் இருந்தேன்."

அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாக்கியத்தைப் பற்றி, மற்ற வீட்டு அடுப்புகளைப் பற்றிச் சொன்னேன். நீ சொன்னால்தான் கேட்பார்கள் என்றேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். லோரி அவனுக்காக நின்று, ஹார்ன் அடித்து, பின்னாலேயே மெதுவாகப் போயிற்று. அவன் ஏறினானா தெரியவில்லை.

நவம்பர் 15, வியாழன்

நன்றாக வெயில். பள்ளிக்கூடத்தார் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். மனத்தில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. லெட்சுமணனிடம் சொல்ல இன்னும் ஒரு மாதம் காத்திருந்திருக்கலாமா? பாக்கியத்துக்கு அந்த ஒரு மாதம் இல்லை.

நவம்பர் 16, வெள்ளி

கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரிக்காரன் செய்தி சொன்னான். லெ. நேற்று வேலைக்கு வரவில்லை. அம்மாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை, லயமே கூடி நின்றதாம். வேறு அவனுக்குத் தெரியவில்லை. பட்டறைக் கொக்கியில் அவன் குடை.

நவம்பர் 17, சனி

லோரி வந்து நின்றது. ஆட்கள் இறங்குமுன் தகரச் சத்தம். லெ. பின்பக்கத்திலிருந்து அடுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். எட்டு. வெள்ளிப் பெயின்ட் அடித்ததும் அதில் இருந்தது.

"வூடு வூடாப் போனேன். என் பொண்டாட்டிய கொன்னது இதுதான், குடுங்கன்னேன். குடுத்துட்டாங்க."

"உன் அம்மா?"

தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் என்று புரியவில்லை.

"ராமையா வூட்டுல மட்டும் குடுக்கல. கெழவி கதவுல நின்னுக்கிச்சு. ஒனக்குப் பித்து புடிச்சிருச்சு, ஒன் வூட்டுப் பீடைய இங்க கொண்டாராதன்னு. நேத்து பாக்கியத்துக்கு வலி எடுத்து உள்ள கூட்டம். நான் பின்பக்கமாப் போய் ஜன்னல் கண்ணாடிய உருவிட்டேன்."

சாக்கைப் பிரித்துக் காட்டினான். சட்டத்தில் செருகியிருக்கும் நீளக் கண்ணாடிகள், ஒன்றும் உடையாமல்.

அதற்குள் ராமையா. இவ்வளவு கோபத்தில் அவனைப் பார்த்ததில்லை.

"திருட்டுப்பய டீச்சர் இவன்! நேத்து சாயங்காலம் ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு எனக்கு. ராத்திரி பூரா கூதல் காத்து உள்ள அடிக்குது. சாக்கு கட்டினா அதையும் வந்து அவுத்துட்டுப் போறான். புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவன சும்மா விட மாட்டேன்!"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன்.

லெ. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

"நீங்களா?" என்றான் ராமையா.

"நான்தான். ஏசுவதானால் என்னை ஏசு."

ஏசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "கூதலுக்கு என்னா செய்ய டீச்சர்? சின்னப் புள்ள" என்றான்.

நியாயமான கேள்வி. வகுப்பை விட்டுவிட்டுத் தானா ராத்தா போய்க் காக்கா கடையில் இரண்டு கம்பளி வாங்கி வந்து கொடுத்தேன். ஜன்னலை அடைக்காதே, பிள்ளையைப் போர்த்து. அடுப்பைச் சமையலறையில் வை. வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. லோரியில் லெ. முன்பக்கம் ஏறினான், ராமையா பின்னால்.

நவம்பர் 21, புதன்

பாக்கியமும் பிள்ளையும் நலம். ராமையா சொல்லவில்லை, டிரஸ்சர் சொன்னார். ராமையா வகுப்பில் லெட்சுமணனுக்கு இரண்டு மேசை தள்ளி.

எட்டு அடுப்பையும் வெட்டிப் பழைய இரும்பில் போட்டோம். தன்னுடையதைத் தானே வெட்டுவேன் என்றான் லெ. மூடி, கால், பிறகு பக்கங்கள். ஒட்டு விடவில்லை. தகடுதான் கிழிந்தது. மூலைகளைத் தனியாக எடுத்து அடுக்கினான், அடுக்கியதைக் காலால் தள்ளிவிட்டான்.

போகும்போது குடையை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்றான்.

"சரசுக்குப் பதினாறு வர்ற ஞாயித்துக்கெழம டீச்சர். வாங்க."

இந்தச் சடங்குகளுக்கு நான் போவதில்லை. வருகிறேன் என்றேன்.

"அம்மா சமாதானமா?"

"பேச மாட்டேங்குது. காத்து அடிச்சிச்சுன்னுதான் இன்னமும் எல்லார்ட்டயும் சொல்லுது." குடையை விரித்தான். "ஆனா புள்ளயப் போட்டுக்கிட்டு அந்த ரூம்புலதான் படுக்குது. நேத்து நல்ல மழை. எந்திரிச்சுப் பாத்தேன். கதவு தொறந்திருந்திச்சு. அம்மாதான் கதவடியில செங்கல் வச்சிருந்திச்சு டீச்சர், சாத்திக்காம."

தூறல் நிற்கவில்லை. கம்பி எல்லாம் ஈரம்.